மதீனாச் சந்தை முதல் இணையச் சந்தை வரை: வணிகர் கற்றுவந்த கருவிகள்

 

சென்ற ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, நம்மிடம் ஓதி முடித்துச் சென்ற இளைஞர் ஒருவர் மதரஸாவுக்கு வந்தார். அத்தர், தொப்பி, தஸ்பீஹ், பேரீச்சம்பழம் ஆகியவற்றைக் கைபேசி வழியாக விற்றுவருபவர் அவர். ஸலாம் சொல்லிவிட்டு நெடுநேரம் தரையைப் பார்த்தபடியே அமர்ந்திருந்தார். பிறகுதான் செய்தி வெளிவந்தது. வெளியூரிலிருந்து ஒருவர் அழைத்து, மொத்தமாகப் பேரீச்சம்பழம் வேண்டும் என்று பேசியிருக்கிறார். முன்பணம் தருவதாகச் சொல்லி ஒரு கியூஆர் குறியீட்டையும் அனுப்பியிருக்கிறார். அதனை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணை இட்டால் பணம் வந்து சேரும் என்பது அவருடைய வாக்கு. நம் மாணவர் அப்படியே செய்தார். பணம் வரவில்லை. கணக்கில் இருந்த பணம் முழுவதும் போய்விட்டது. அதில் ரமளான் கொள்முதலுக்காக மாமாவிடம் கடனாகப் பெற்ற தொகையும் அடங்கும்.

"ஹஸ்ரத், வணிகப் பாடம் முழுவதையும் உங்களிடம்தான் ஓதினேன். ஈஜாப், கபூல், கியார் எல்லாம் மனப்பாடமாகத் தெரியும். அந்த எண்ணை இட்டால் என்ன நடக்கும் என்பது மட்டும் தெரியாமல் போய்விட்டதே!" என்றார்.

நம்மிடம் பதில் இல்லை. ஏனெனில் அது நமக்கும் தெரியாது. இத்தகைய மோசடி நடந்தவுடன் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதைக்கூட நாம் இருவரும் அறிந்திருக்கவில்லை. இரண்டு நாட்கள் கழித்தே புகார் அளிக்கப்பட்டது.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. வணிகத்தின் சட்டங்களைக் கற்பித்த நாம், வணிகம் நடக்கும் இடத்தைக் கற்பிக்கவில்லையே என்ற உறுத்தல் எஞ்சியது. நாற்பது வயதைக் கடந்த பின்னர், நம்முடைய மாணவர்களிடமே மாணவராக அமர்ந்து, இணைய வணிகம் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சில மாதங்களாகக் கற்றோம். கற்கக் கற்க, இது புதிய கதையன்று, மிகப் பழைய வரலாற்றின் தொடர்ச்சி என்பது விளங்கியது. அந்த வரலாற்றையே இங்கு எழுதுகிறோம்.

சந்தைக்குள் நுழையும் தகுதி

மார்க்கத்தில் விளக்கம் பெற்றவரைத் தவிர வேறெவரும் நம் கடைவீதியில் விற்கலாகாது என்று உமர் (ரலி) அவர்கள் கூறியதாகத் திர்மிதீயில் பதிவாகியுள்ளது. இதனை நாம் பலமுறை பயான்களில் சொல்லியிருக்கிறோம். ஆனால் அந்தச் சொல்லின் ஆழத்தை இப்போதுதான் உணர்கிறோம். சந்தை என்பது பொருள் இருந்தால் மட்டும் நுழையத்தக்க இடமன்று. அறிவும் இருக்க வேண்டும். அறியாமல் நுழைபவர் ஏமாறுவார், அல்லது தம்மை அறியாமலே பிறரை ஏமாற்றுவார்.

மதீனாச் சந்தையில் கற்பிக்கப்பட்டவற்றைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ள மக்கள் ஓராண்டு, ஈராண்டுக்குப் பிறகு கிடைக்கவிருக்கும் கனிகளுக்கு முன்கூட்டியே விலை கொடுத்து வந்தார்கள். நபியவர்கள் அதனை அடியோடு தடுக்கவில்லை. அளவு, எடை, தவணை ஆகிய மூன்றும் தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். இதுவே ஸலம் எனும் முன்பண வணிகம். கண்முன் இல்லாத பொருளுக்கு இன்று பணம் செலுத்தி, பின்னொரு நாளில் பெற்றுக்கொள்ளும் நமக்கு, இந்த மூன்று நிபந்தனைகளும் எவ்வளவு நெருக்கமானவை!

அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். அது பேசுவது கடன் பத்திரத்தைப் பற்றி. தவணைக் கடனை எழுதிக்கொள்ள வேண்டும், எழுத்தர் நீதியுடன் எழுத வேண்டும், வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் பட்டவர், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதாயினும் எழுதச் சலிப்படையக் கூடாது, எழுத்தருக்கோ சாட்சிக்கோ தீங்கு நேரக் கூடாது. எழுதத் தெரிந்தோர் மிகச் சிலரே இருந்த ஒரு சமூகத்தில் அருளப்பட்ட கட்டளை இது. எழுத்து என்பது அன்றைய தொழில்நுட்பம். அதனைக் கற்றுக்கொள், வணிகத்தில் பயன்படுத்து என்ற திசையை வசனம் காட்டிற்று.

அதேபோல் முத்திரை. அயல்நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நபி (ஸல்) அவர்கள் விரும்பியபோது, முத்திரையற்ற கடிதத்தை அவர்கள் படிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. உடனே வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பட்டு, அதில் வாசகம் பொறிக்கப்பட்டது. அதே வாசகத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்றும் தடை விதிக்கப்பட்டது. முத்திரை ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும், ஆனால் அதன் பதிவை எவரும் அடையாளம் காண இயல வேண்டும். இந்த ஒரு வரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1970களில் கணினி அறிஞர்கள் தேடியலைந்ததும் இதைத்தான்.

தொலைவும் கணக்கும்

வணிகம் ஊர் எல்லையைத் தாண்டியபோது புதிய சிக்கல் எழுந்தது. பாலைவழியில் பொற்காசுகளைச் சுமந்து செல்வது உயிருக்கே ஆபத்து. எனவே ஓர் ஊரில் பணத்தைக் கொடுத்து, மற்றோர் ஊரில் பெற்றுக்கொள்ளும் ஸுஃப்தஜா எனும் பணக்கடிதம் வழக்கத்திற்கு வந்தது. ஸக் எனும் எழுத்தாணையும் புழங்கியது. பத்தாம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், சஹாராவின் தென்விளிம்பிலுள்ள அவ்தகுஸ்த் நகரில் 42,000 தீனாருக்கான ஒரு ஸக்கைத் தாம் கண்டதாக எழுதுகிறார்.

பதினொன்றாம் நூற்றாண்டின் நடுவில் பஸராவுக்குச் சென்ற நாசிர் குஸ்ரவ் இன்னும் வியப்பான காட்சியை விவரிக்கிறார். அந்நகரில் நாள்தோறும் மூன்று வெவ்வேறு வேளைகளில், மூன்று வெவ்வேறு இடங்களில் சந்தை கூடியது. வணிகர்கள் தம்மிடமுள்ளதை நாணய மாற்றுநரிடம் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றுக்கொள்வார்கள். வாங்கும் பொருளுக்கெல்லாம் அந்த மாற்றுநரின் பெயரிலேயே தொகை எழுதிக் கொடுப்பார்கள். ஊரில் தங்கும்வரை அவர்கள் கையில் காசு புழங்குவதில்லை. கையில் காசில்லாமல் கடைவீதி சுற்றுவது நம் காலத்துப் புதுமை என்று எண்ணியிருந்தோம்!

சட்ட அறிஞர்கள் இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. கடன் கொடுத்தவர் வழி ஆபத்திலிருந்து தப்பும் பயனை நிபந்தனையாக்கினால், அது கடனின் மேல் பெறும் ஆதாயமாகாதா என்று ஸுஃப்தஜாவைப் பற்றி ஆழமாக விவாதித்தார்கள். அவ்வாறு விவாதிக்க முடிந்ததற்குக் காரணம், அது எவ்வாறு இயங்குகிறது என்பதை அவர்கள் நுணுக்கமாக அறிந்திருந்ததே. இயக்கத்தை அறியாதவரால் தீர்ப்புக் கூற இயலாது.

கணக்கும் அவ்வாறே வளர்ந்தது. பக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி (ரஹ்) இயற்கணித நூலை எழுதியபோது, பாகப்பிரிவினை, மரண சாசனம், வணிகம், நில அளவை போன்ற அன்றாடத் தேவைகளுக்காகவே எழுதுவதாக முன்னுரையில் குறிப்பிட்டார். இந்திய எண்முறையை விளக்கியும் அவர் எழுதினார். அவருடைய பெயரின் இலத்தீன் வடிவத்திலிருந்தே இன்று கணினித் துறையினர் நாள்தோறும் சொல்லும் அல்காரிதம் என்ற சொல் பிறந்தது.

அந்த எண்முறை ஐரோப்பிய வணிகரை எட்டிய பாதையும் வணிகப் பாதையே. இத்தாலியின் பீசா நகரத்து வணிகர்களுக்காக, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள பிஜாயா துறைமுகச் சுங்கத்தில் பணியாற்றிய ஒருவர் தம் மகனை அங்கு அழைத்துக் கணக்குக் கற்கச் செய்தார். அந்தச் சிறுவனே பின்னாளில் ஃபிபோனாச்சி எனப் புகழ்பெற்றவர். 1202இல் அவர் எழுதிய நூல் அந்த எண்களை வணிகருக்கு எடுத்துரைத்தது. ஆயினும் 1299இல் ஃபிளாரன்ஸ் நகர நாணய மாற்றுநர் சங்கம், கணக்கேடுகளில் அந்த எண்களைப் பயன்படுத்தத் தடை விதித்தது. எளிதில் திருத்தி மோசடி செய்துவிடலாம் என்ற அச்சமே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அச்சம் பொய்யன்று. ஆனால் தடை நிலைக்கவில்லை. அந்த எண்களைக் கற்று, தொகையை எழுத்தாலும் எழுதும் வழக்கத்தைக் கைக்கொண்டவர்களே முன்னேறினார்கள். இன்றும் காசோலையில் தொகையை எண்ணால் மட்டுமின்றி எழுத்தாலும் எழுதுகிறோம் அல்லவா?

இரகசியம் காக்கும் கலை

இணைய வணிகத்தின் உயிர்நாடி மறையெழுத்து. நம் கணக்கு எண்ணும் கடவுச்சொல்லும் எத்தனையோ கணினிகளைக் கடந்து செல்கின்றன. வழியில் எவரும் படித்துவிடாதபடி உருமாற்றி அனுப்புவதே மறையெழுத்துக் கலை.

இந்தக் கலையின் வரலாற்றிலும் பக்தாதுக்கு இடமுண்டு. ஒன்பதாம் நூற்றாண்டின் தத்துவ அறிஞர் அல்கிந்தி, மறைக்கப்பட்ட எழுத்துகளை வெளிக்கொணர்வது குறித்து ஒரு நூல் எழுதினார். ஒரு மொழியில் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில அரிதாக வரும். மறையெழுத்தில் எந்தக் குறி மிகுதியாக வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், அது எந்த எழுத்துக்குரியது என ஊகித்துவிடலாம். கிடைத்துள்ள நூல்களில் இம்முறையை விளக்கும் மிகப் பழைய நூல் இதுவே. இஸ்தான்பூலின் சுலைமானிய்யா நூலகத்தில் உறங்கிக்கிடந்த அதன் கையெழுத்துப் பிரதி, 1980களில்தான் அறிஞர்களால் வெளியுலகுக்கு வந்தது.

அல்கிந்தி காலம் முதல் இருபதாம் நூற்றாண்டுவரை ஒரு சிக்கல் மட்டும் தீரவேயில்லை. மறைப்பதற்கும் திறப்பதற்கும் ஒரே திறவுகோல்தான். எனவே, இருவரும் முன்கூட்டியே சந்தித்து அதனைப் பகிர்ந்திருக்க வேண்டும். மன்னருக்கும் தளபதிக்கும் அது இயலும். முன்பின் அறியாத வாங்குபவருக்கும் விற்பவருக்கும் எவ்வாறு இயலும்?

1976இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிஃபி, ஹெல்மன் ஆகிய இருவர் அதற்கு வழிகாட்டினர். மறுஆண்டில் எம்ஐடி நிறுவனத்தின் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் அதற்குச் செயல்வடிவம் தந்தனர். ஓர் உவமையால் இதனை விளக்கலாம். கடைக்காரர் திறந்த பூட்டுகளைச் செய்து ஊரெங்கும் கொடுத்து வைக்கிறார். திறவுகோல் அவரிடம் மட்டுமே உண்டு. வாங்குபவர் தம் செய்தியைப் பெட்டியிலிட்டு அந்தப் பூட்டை அழுத்திப் பூட்டி அனுப்புகிறார். பூட்டியவராலும் இனி அதனைத் திறக்க இயலாது. இதில் பூட்டு பொதுத் திறவுகோல். கடைக்காரரிடம் உள்ளது தனித் திறவுகோல். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கி வந்த எண்ணைப் பார்த்து அவ்விரண்டையும் கண்டுபிடிப்பது மிகக் கடினம் என்ற கணித உண்மையே ரிவெஸ்ட் குழுவினர் செய்த பூட்டின் வலிமை.

இதே முறையைத் திருப்பினால் முத்திரை கிடைக்கிறது. தனித் திறவுகோலால் ஒருவர் மட்டுமே முத்திரையிட இயலும். பொதுத் திறவுகோலைக் கொண்டு எவரும் அதனைச் சரிபார்க்க இயலும். மேலே நினைவில் வைக்கச் சொன்ன வெள்ளி மோதிரத்தின் இலக்கணம் இதுதான். இதற்கு மின்னணுக் கையொப்பம் என்று பெயர்.

இங்கு நம் மாணவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்லி வைக்க விரும்புகிறோம். எகிப்தில் பிறந்து, கெய்ரோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஸ்டான்ஃபோர்டில் ஹெல்மனிடம் ஆய்வுப் படிப்பை முடித்தவர் தாஹிர் அல்ஜமல். 1985இல் அவர் வெளியிட்ட மின்னணுக் கையொப்ப முறை, பின்னர் அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்ட கையொப்பத் தரத்திற்கு அடிப்படையாயிற்று. 1995 முதல் 1998 வரை நெட்ஸ்கேப் நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்தார். அங்கு உருவான எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டில் அவர் ஆற்றிய பங்குக்காக, அதன் தந்தை என்றே அவரை அழைக்கிறார்கள். நாம் இணையத்தில் பணம் செலுத்தும்போது காக்கும் முறை அதன் வழிவந்ததே.

இணையச் சந்தை பிறந்த கதை

தொலைவிலிருந்து பொருள் வாங்கும் முயற்சி இணையத்திற்கு முன்பே தொடங்கிவிட்டது. மைக்கேல் ஆல்ட்ரிச் என்ற ஆங்கிலேயர் 1979இல் தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியோடு இணைத்துக் காட்டினார். 1984 மே மாதம், இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் 72 வயதான ஜேன் ஸ்னோபால் என்ற பெண்மணி, அந்த ஏற்பாட்டின் மூலம் வீட்டிலிருந்தே மார்ஜரின், கார்ன்ஃபிளேக்ஸ், முட்டை ஆகியவற்றை வாங்கினார். முதுமையால் கடைக்குச் செல்ல இயலாதோருக்கு உதவும் திட்டம் அது. இணைய வணிகத்தின் முன்னோடிகளில் ஒருவர் ஒரு மூதாட்டி என்பது, தமக்கு வயதாகிவிட்டது என்று தயங்குவோருக்கு ஆறுதலான செய்தி.

1994 ஆகஸ்ட் 11 அன்று, அமெரிக்காவில் நெட்மார்க்கெட் என்ற இணையக் கடையில் ஓர் இசைத் தட்டு விற்பனையானது. வாங்கியவரின் கடன் அட்டை எண் மறையெழுத்தாக்கப்பட்டுச் சென்றது. பாதுகாப்பான இணைய விற்பனையின் தொடக்கமாக இந்நிகழ்ச்சி நினைவுகூரப்படுகிறது. அதே ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மோன்டுல்லி மற்றொரு சிக்கலைத் தீர்த்தார். இணையதளத்திற்கு நினைவாற்றல் கிடையாது. ஒரு பக்கத்தில் பொருளைத் தேர்ந்தெடுத்து அடுத்த பக்கம் சென்றால், வந்தவர் யார் என்பதையே அது மறந்துவிடும். எனவே வாடிக்கையாளரின் கணினியில் ஒரு சிறு அடையாளச் சீட்டை வைக்கும் ஏற்பாட்டை அவர் செய்தார். குக்கி என்பது அதுவே. கூடையை நினைவில் வைக்கப் பிறந்த அந்தச் சீட்டு, காலப்போக்கில் மனிதர்களைப் பின்தொடர்ந்து துருவும் கருவியாகவும் மாறியது. துருவி ஆராய்தல் தடுக்கப்பட்ட மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், கடை நடத்தும்போது பிறரின் விவரங்களில் எதைச் சேமிக்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1995இல் எஸ்எஸ்எல் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான கோல்ட்பெர்க், வாக்னர் ஆகிய இருவர் நெட்ஸ்கேப் உலாவியின் மறையெழுத்தை உடைத்துக் காட்டினர். கணித முறையில் குறையில்லை. இரகசியத் திறவுகோலை உருவாக்க, ஊகிக்க முடியாத எண் தேவை. உலாவியோ நேரம் முதலிய எளிதில் ஊகிக்கத்தக்க விவரங்களிலிருந்து அதனை உருவாக்கியிருந்தது. பூட்டு வலிமையானதுதான், திறவுகோலை வாசற்படியின் கீழ் வைத்துவிட்டுப் போன கதை! பிறந்த தேதியை இரகசிய எண்ணாக வைத்திருக்கும் சகோதரர்கள் இதிலிருந்து பாடம் பெறலாம்.

இஸ்னாத் தெரிந்தவருக்கு இது எளிது

பூட்டு அந்தக் கடைக்காரருடையதுதான் என்று எவ்வாறு நம்புவது? மோசடிக்காரர் தம் பூட்டைக் கொண்டுவந்து, இது இன்னாருடைய பூட்டு என்று சொன்னால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கான விடையைப் படித்தபோது நமக்குள் ஒரு புன்னகை மலர்ந்தது. ஏனெனில் அந்த விடை, ஹதீஸ் கலையில் நாம் ஓதும் இஸ்னாதைப் போன்றது.

ஒவ்வொரு வணிகத் தளமும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. இந்தப் பூட்டு இந்த முகவரிக்குரியது என்று அதில் முத்திரையிடுபவர் ஒரு சான்றளிப்பு நிறுவனத்தார். அந்த நிறுவனத்தாருக்கு மேலே உள்ளவர் சாட்சி. அவருக்கும் மேலே மூலச் சான்றளிப்பவர். அந்த மூலவர்களின் பட்டியல் நம் உலாவியிலேயே முன்கூட்டி இருக்கிறது. தளத்தைத் திறந்த நொடியில், உலாவி இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகச் சரிபார்க்கிறது. கண்ணி அறுந்தால் எச்சரிக்கிறது.

சங்கிலியில் ஒருவர் நம்பகமற்றவர் என்று தெரிந்தால் முஹத்திஸுகள் என்ன செய்வார்கள்? அவர் வழியாக வந்த அறிவிப்பைத் தள்ளிவிடுவார்கள். இணையமும் அதையே செய்தது. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றளிப்பு நிறுவனத்தின் கணினிக்குள் ஊடுருவியவர்கள், பிறர் பெயரில் பொய்ச் சான்றிதழ்களை உருவாக்கினர். கூகுளின் பெயரிலும் ஒன்று உருவாக்கப்பட்டு, ஈரானிலுள்ள பயனர்களை உளவு பார்க்கப் பயன்பட்டது. செய்தி வெளிவந்ததும் உலாவி நிறுவனங்கள் டிஜிநோட்டார் மீதான நம்பிக்கையை நீக்கின. அந்நிறுவனம் அதே ஆண்டு திவாலானது. நம்பகத்தன்மையை விற்றுப் பிழைத்தவருக்கு, அது போன பிறகு விற்க வேறெதுவும் இல்லை.

நம் நாட்டுக் கணக்கு

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. மின்னணுக் கையொப்பம் சட்ட ஏற்பைப் பெற்றது. அட்டை எண் மட்டும் தெரிந்தால் இணையத்தில் பணம் எடுத்துவிடலாம் என்ற நிலையை மாற்ற, இரண்டாவது சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியது. கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் நமக்குப் பழக்கமானது இதன் பின்னரே. 2016 ஏப்ரலில் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் யுபிஐ முறையை அறிமுகப்படுத்தியது.

இப்போது நம் மாணவரின் கேள்விக்கு விடை சொல்ல இயலும். கியூஆர் குறியீடு என்பது பணம் சேர வேண்டியவரின் முகவரிப் பலகை, அவ்வளவே. அதனை ஸ்கேன் செய்பவர் கொடுப்பவர் ஆகிறார். யுபிஐ இரகசிய எண் என்பது, என் கணக்கிலிருந்து எடுத்துக் கொடு என்று நம் வங்கிக்கு நாம் தரும் ஒப்புதல். ஃபிக்ஹ் மொழியில் சொன்னால், அது கொடுப்பவரின் சம்மதம். பெறுபவர் தம் கணக்கிலிருந்து எதையும் தருவதில்லை. எனவே பணம் பெறுவதற்கு அந்த எண் ஒருபோதும் தேவையில்லை. இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் அவர் அன்று அந்த எண்ணை இட்டிருக்க மாட்டார். இரண்டு நிமிடப் பாடம் அது. நாம் கற்பிக்காமல் விட்ட இரண்டு நிமிடம்!

பூட்டு எதைக் காக்கும், எதைக் காக்காது?

உலாவியின் முகவரிப் பட்டையில் தெரிந்த பூட்டுச் சின்னத்தைக் கண்டால், அந்தக் கடை நேர்மையானது என்று பலர் எண்ணிவந்தனர். அது தவறு. வழியில் எவரும் ஒட்டுக்கேட்க இயலாது, முகவரி சரிபார்க்கப்பட்டுள்ளது என்பதைத் தவிர அந்தச் சின்னம் வேறெதுவும் சொல்லவில்லை. மோசடிக்காரரும் தம் தளத்திற்குச் சான்றிதழ் பெறலாம். மக்களின் இந்தத் தவறான எண்ணத்தின் காரணமாகவே, கூகுள் நிறுவனம் 2023இல் தன் குரோம் உலாவியிலிருந்து அந்தப் பூட்டுச் சின்னத்தை நீக்கி, நடுநிலையான வேறொரு சின்னத்தை வைத்தது.

தொழில்நுட்பம் பாதையைக் காக்கும். விற்பவரின் உள்ளத்தைக் காக்காது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தார்கள். மேலே உலர்ந்திருந்த குவியலின் உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் சொன்னபோது, மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். இணையச் சந்தையில் வாங்குபவரால் குவியலுக்குள் கை நுழைக்க இயலாது. படத்தை மட்டுமே பார்க்கிறார். எனவே ஈரத்தை மேலே வைக்கும் கடமை விற்பவருக்குப் பன்மடங்கு கூடுகிறது. பொருளின் குறையைத் தெளிவாக எழுதுதல், வேறொரு பொருளின் அழகிய படத்தை இடாதிருத்தல், பார்த்தபின் திருப்பித் தரும் உரிமையை மறுக்காதிருத்தல் ஆகியவை அந்தக் கடமையின் இன்றைய வடிவங்கள்.

தம்மிடம் இல்லாததை விற்கக் கூடாது என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னதும் இங்கு நினைவுக்கு வருகிறது. கையில் சரக்கே இல்லாமல், பிறர் கிடங்கிலுள்ள பொருளைத் தம்முடையதாகக் காட்டி விற்கும் முறை இளைஞர்களிடையே பரவிவருகிறது. முகவராக இருப்பதும், ஸலம் நிபந்தனைகளுக்கு உட்பட்டு விற்பதும் வேறு. இல்லாததை விற்பது வேறு. இந்த வேறுபாட்டைச் சொல்ல, அந்தத் தளம் எவ்வாறு இயங்குகிறது, பொருள் எப்போது யாருடைய பொறுப்பில் இருக்கிறது, பணம் எங்கே நிற்கிறது என்பவற்றை ஆலிம்கள் அறிந்திருக்க வேண்டும். ஸுஃப்தஜாவை ஆராய்ந்த முன்னோர் அவ்வாறே அறிந்திருந்தார்கள். இணைய வணிகம் செய்வோரும் தம் முறையை மறைக்காமல் எடுத்துச் சொல்லி, ஆலிம்களிடம் விளக்கம் பெற வேண்டும்.

எனவே சகோதரர்களே! நம் பிள்ளைகள் இணையத்தில் கடை வைக்க விரும்பினால் தடுக்காதீர்கள். கற்றுவிட்டு நுழையச் சொல்லுங்கள். தளம் அமைத்தல், சரக்குக் கணக்கு வைத்தல், பணம் வந்து சேரும் வழி, சான்றிதழைச் சரிபார்த்தல், வலிமையான கடவுச்சொல், வாடிக்கையாளர் விவரங்களைக் காத்தல் ஆகியவற்றைக் கற்கட்டும். வீட்டிலிருந்தபடியே தைத்தும் சமைத்தும் விற்கும் நம் சகோதரிகளுக்கு இந்தக் கல்வி இன்னும் அவசியம். ஏமாற்றப்பட்டால் வெளியே சொல்லத் தயங்குபவர்கள் அவர்களே.

நம் மதரஸாவில் இந்த ஆண்டு முதல், வணிகப் பாடம் நடத்தும் வாரங்களில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கியுள்ளோம். அந்தப் பாடத்தை நடத்துபவர் நாம் அல்லர். பணத்தை இழந்த அதே மாணவர்தான். போன பணம் இன்றுவரை திரும்பவில்லை. மாமாவின் கடனை மாதந்தோறும் சிறுகச் சிறுக அடைத்து வருகிறார். முதல் வகுப்பில் பிள்ளைகளிடம் தம் கைபேசியைக் காட்டி, தாம் ஏமாந்த கதையை மறைக்காமல் சொன்னார். ஈரமான தானியத்தை மேலே வைப்பது என்பது இதுதான் போலும் என்று, பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த நமக்குத் தோன்றியது.

பயனுள்ள கல்வியையும், ஹலாலான வாழ்வாதாரத்தையும், ஏமாற்றாத உள்ளத்தையும், ஏமாறாத அறிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.